பட்டையை மிச்சம் வை, பேராண்டி

சாவு வீட்டுக்குப் போனா ஆம்பளைங்க கையைப் புடிக்கணும், பொம்பளைங்க கட்டிப் புடிச்சு ஒரு பாட்டம் அழணும். நாங்க பழகினது இதுதான். இப்ப உங்க செட்டு பசங்க வர்றீங்க. வந்ததும் வராததுமா கண்ணு சுவத்தைத் துழாவுது. துக்கம் தாங்காம சாஞ்சுக்க எடம் தேடுறான்னு நெனச்சு நானும் நாற்காலிய நகத்திக் குடுக்கிறேன். பையன் குனிஞ்சு, பொட்டிக்குப் பக்கத்துல ஓடுற காத்தாடி பிளக்கைப் பாத்துட்டு, "தாத்தா, இதக் கொஞ்சம் புடுங்கிக்கட்டா? அஞ்சே நிமிஷம்"ங்கறான். செத்தவரு அஞ்சு நிமிஷம் வேர்வையப் பொறுத்துக்குவாராம், போன்தான் பொறுத்துக்காதாம்.

அந்தப் பையன் நீ இல்லைன்னு சொல்ற. சரி, நம்புறேன். ஆனா நீ இப்ப எதுக்கு வந்திருக்க? மூவாயிரம் வெள்ளி குடுத்து வாங்கின போன் ரெண்டே வருஷத்துல கெழடாயிருச்சு, மத்தியானம் சோறு திங்கறதுக்குள்ள மூச்சு நின்னு போயிருது, புதுசு வாங்கப் போறேன், பாதிக் காசு தாத்தா போடணும். அதானே விஷயம்? உக்காரு. காசு அப்புறம் பேசலாம். புத்தி இலவசம், மொதல்ல அத வாங்கிக்க.

தோட்டத்துக் கெழவனுக்கு பேட்டரியப் பத்தி என்ன தெரியும்னு இளிக்காத. இங்க பெஸ்தாரி ஜெயாவுலேர்ந்து ரவாங் எவ்வளவு தூரம்? காடியில முக்கா மணி நேரம். அந்த ரவாங்லதான் இந்த நாட்டுக்கே மொதக் கரண்டு வந்துச்சு. 1894. லோக் யூங்கிற சீனத் தவுக்கேயும் நம்ம தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத்துல தண்ணி எறைக்க ஜெனரேட்டர் வச்சு, மின்சாரப் பம்பு ஓட்டுனாங்க. பத்துமலையில முருகனுக்குக் கோயில் எழுப்பினாரே, அதே தம்புசாமிப் பிள்ளைதான். அதனால மலாயாவுல கரண்டை மொதல்ல கட்டி மேய்ச்சதுல ஒரு தமிழன் உண்டுன்னு நாம நெஞ்ச நிமித்தலாம். நிமித்தி முடிச்சதும் கொஞ்சம் குனிஞ்சு லயத்துப் பக்கமும் பாக்கணும். 1949-ல மத்திய மின்சார வாரியம், 1965-ல தேசிய மின்சார வாரியம், 1990-ல தெனாகா நேஷனல்னு ஆபீசு போர்டு மாறிக்கிட்டே இருந்துச்சு. லயத்துக்கு மட்டும் தொரை போடுற ஜெனரேட்டர்தான். பொழுது சாஞ்சா போடுவான், ராத்திரி பத்து மணி வாக்குல நிப்பாட்டுவான். புள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கணும்னா மண்ணெண்ணெய் வெளக்கு. தொரை பங்களாவுல மட்டும் விடிய விடிய வெளிச்சம்.

அந்தக் காலத்துல எங்க வீட்டுல கறுப்பு வெள்ளை டிவி ஓடுனது காடி பேட்டரியில. ஆமா, காடி கெடையாது, பேட்டரி மட்டும் உண்டு. அது தீந்துட்டா சைக்கிள் கேரியர்ல கட்டி டவுனுக்குக் கொண்டு போய், கடையில ஒரு ராத்திரி சார்ஜுக்குப் போட்டு, மறுநாள் போய்த் தூக்கிட்டு வரணும். அதனால நாங்க டிவிய எப்படிப் பாத்தோம்? தமிழ்ப் படம் போடுற நாளைக்கு மட்டும் பாத்தோம். சாமி கும்புட்டுட்டு வயரைச் சொருகுவோம். வெளம்பரம் வந்தா அணைச்சுருவோம். அப்பவும் சில சமயம் படத்துல வில்லன் சாகறதுக்குள்ள பேட்டரி செத்துரும். படம் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கி, எம்ஜிஆர் கட்டை வெரல் உசரத்துக்கு வந்து, அப்புறம் காணாமப் போயிருவாரு. வில்லன் என்ன ஆனான்னு தெரியாமலே தூங்கப் போன சனம்டா நாங்க.

அதுல படிச்ச பாடம்தான் உனக்குச் சொல்லப் போறேன். பேட்டரியச் சுத்தமா வடிய விட்டா, கடைக்காரத் தவுக்கே திட்டுவாரு. உள்ள ஈயத் தகட்டுல உப்பு படிஞ்சுரும், இனி எத்தனை ராத்திரி சார்ஜுல போட்டாலும் பழைய சக்தி வராதுன்னு சொல்வாரு. உன் போன்ல இருக்கிறது ஈயம் இல்ல, வேற சரக்கு. ஆனா சுத்தமா வடிய விடுறத அதுவும் விரும்பாது.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன், போனைக் கீழ வை. தலகீழா வை. ம்.

நீங்கள்லாம் ரெண்டு விஷயத்த ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க. இன்னைக்கு ராத்திரி வரைக்கும் சார்ஜ் நிக்கணும்கிறது ஒண்ணு. பேட்டரி நாலு வருஷம் ஒழைக்கணும்கிறது வேற ஒண்ணு. பால் மரம் வெட்டுனவன்கிட்ட கேளு, சட்டுனு புரிய வைப்பான். இன்னைக்கு வாளியில விழுற பால் ஒரு கணக்கு. மரத்துல மிஞ்சியிருக்கிற பட்டை இன்னொரு கணக்கு. உளியக் கொஞ்சம் அழுத்துனா இன்னைக்குப் பால் கூடத்தான் வரும். ஆனா பட்டையைத் தாண்டி உள்ள பட்டுச்சுன்னா மரத்துக்குக் காயம், அந்த எடத்துல புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வளரும். அதனாலதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுறது, மேலாக்க மெலிசா சீவுறது, வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சுர்றது. மண்டோர் பின்னாலயே வந்து காயத்தை எண்ணுவாரு. உன் பேட்டரிக்குப் பின்னால எந்த மண்டோரும் வர்றதில்ல. அதான் இந்த ஆட்டம்.

உள்ள நடக்கிறது இதுதான். லித்தியம்னு ஒரு சரக்கு. சார்ஜ் போடுறப்ப ஒரு பக்கத்துலேர்ந்து கெளம்பி மறு பக்கத்துல இருக்கிற கிராஃபைட்டுக்குள்ள போய் உக்காரும். கிராஃபைட்னா பென்சிலுக்குள்ள கறுப்பா இருக்கே, அதான். நீ போனை நோண்டுறப்ப அது திரும்பி வரும். போறதும் வர்றதுமா இருக்கும். ஆனா ஒவ்வொரு நடையிலயும் கொஞ்சூண்டு லித்தியம் திரும்பி வராம அங்கயே படிவமா ஒட்டிக்கும். ஒட்டுனது போனதுதான். சூடு ஏறுனா இது வேகமா நடக்கும். முழுசா நெறைச்ச நெலையில ரொம்ப நேரம் போட்டு வச்சாலும் வேகமா நடக்கும். சூடும் நெறவும் சேந்துச்சுன்னா கேக்கவே வேணாம்.

இத எனக்கு யாரு சொன்னான்னு பாக்கிறியா? யூனிசெல்ல படிக்கிறாளே உன் தங்கச்சி, அவ சொன்னா. நான் வாயில வெத்தலைய வச்சுக்கிட்டுக் கேட்டேன். நீ காதுல எதையோ சொருகிக்கிட்டுக் கேக்கல. அவ இன்னொண்ணும் சொன்னா. இந்த பேட்டரியக் கண்டுபுடிச்சதுக்கு 2019-ல மூணு பேருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. விட்டிங்காம், யோஷினோ, குட்இனஃப். அதுல குட்இனஃபுக்கு அப்ப வயசு 97. நோபல் வாங்கினதுலயே அவருதான் மூத்த கெழவரு. ஸ்டாக்ஹோம் மேடையில அவருக்குப் பதிலா நின்னு அவரோட நோபல் உரையப் படிச்சது யாரு தெரியுமா? ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டுல அமராபுரம்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவரு, மதுரையில படிச்சு, சென்னை ஐஐடியில முனைவர் பட்டம் வாங்கி, டெக்சாஸ் போயி குட்இனஃப் கூடவே பேட்டரிச் சரக்கு ஆராய்ச்சியில எறங்கினவரு. ஆக ரவாங் பம்புலேர்ந்து ஸ்டாக்ஹோம் மேடை வரைக்கும் நம்மாளு கரண்டுகிட்டயே நிக்கிறான். நீ ஒருத்தன்தான் பிளக்குகிட்ட நிக்கிற.

உன் சங்கதிக்கு வருவோம். சாப்பாடு டெலிவரி ஓட்டுற. புஞ்சாக் ஆலாம், ஈஜோக், ஜெராம்னு நாள் முழுக்க சுத்துற. நல்லது, ஒழைக்கிற புள்ள. அந்த போனை எங்க வைக்கிற? கப்சாய் ஹேண்டில்ல, கண்ணாடிக்கு நடுவுல, நேர் வெயில்ல. அது வெயில்ல நிக்குது, ஸ்கிரீன் வெளிச்சம் உச்சத்துல இருக்குது, ஜிபிஎஸ் ஓடுது, டேட்டா ஓடுது. போதாததுக்கு கீழேர்ந்து பவர் பேங்க் வயரு வேற சொருகி வச்சிருக்க. ஆப்பிள் கம்பெனிக்காரனே 35 டிகிரிக்கு மேல சூடு ஆகாது, பேட்டரியோட கொள்ளளவு நெரந்தரமாக் கொறைஞ்சுரும்னு எழுதி வச்சிருக்கான். 16லேர்ந்து 22 வரைக்கும் இருந்தா உத்தமமாம். கோலசிலாங்கூர்ல 22 டிகிரி எங்க கெடைக்கும்? பேங்க்ல கெடைக்கும். வெளியில மத்தியானமே 33, 34. வெயில்ல நிக்கிற கறுப்புப் போனுக்கு அதுக்கும் மேல. நீ பேட்டரிய ஒழைக்க வைக்கல, வறுக்கிற.

எறங்கி சாப்பாடு குடுக்கப் போறப்ப மட்டும் போனை முன் கூடையில போட்டு மேல ஹெல்மெட்டைக் கவுத்துட்டுப் போற. களவு போகாதுன்னு நெனப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்து தலகாணிக்கு அடியில வச்சு சார்ஜ் போடுற. பஞ்சு சூட்டை வெளிய விடுமா? தகரக் கூரை பகல்ல குடிச்ச வெயிலை ராத்திரி பன்னண்டு வரைக்கும் கக்கிக்கிட்டு இருக்கு, அதுக்குக் கீழ தலகாணி, தலகாணிக்குக் கீழ போன், போனுக்கு மேல ரப்பர் உறை. ரப்பர் உறையக் கழட்டிட்டு சிமெண்டுத் தரையிலயோ மேசையிலயோ போட்டு சார்ஜ் போடு. ஓட்டுறப்ப போனுக்கு மேல ஒரு சின்ன மறைப்பு கட்டு. வழி தெரிஞ்ச எடத்துக்கு ஸ்கிரீனை அணைச்சுட்டு ஓட்டு. ஈஜோக்ல பொறந்து வளந்தவனுக்கு ஈஜோக் முச்சந்தியக் காட்ட வானத்துல சாட்டிலைட்டு வேணுமா?

சூடு ஆகாதுன்னு சொன்னதும், பக்கத்து வீட்டுல ஒரு மகராசன் போனை ஐஸ் பெட்டியில வச்சுட்டான், கெண்டை மீனுக்கும் கெழுத்தி மீனுக்கும் நடுவுல. அப்படியும் செய்யாத. குளுந்த போனை வெளிய எடுத்தா உள்ள வேர்த்துக் கொட்டும். பேட்டரி பொழைச்சாலும் மத்ததெல்லாம் செத்துரும். நெழல் போதும். காத்து போதும்.

இப்ப தோட்டத்துக்கே உரிய நோய் ஒண்ணு இருக்கு. பட்டணத்துக்காரன் எவனும் இதச் சொல்ல மாட்டான். அவனுக்கு வராது.

செம்பனைக்குள்ள போனா ஏன் பேட்டரி கடகடன்னு எறங்குது? நீ ஒண்ணுமே பண்ணல, போன் பைக்குள்ள சும்மாதான் கெடந்துச்சு, ஆனா காலையில 90, பத்து மணிக்கு 50. பேய் புடிச்சிருக்குன்னு உன் பெரியம்மா எலுமிச்சம்பழம் சுத்துனா. பேய் இல்ல. டவரு தூரத்துல இருக்கு. போன் சும்மா கெடக்கிற சாமான் இல்ல, அது டவரோட பேசிக்கிட்டே இருக்கணும். கிட்ட இருந்தா மெதுவாப் பேசும். தூரமாப் போனா கத்தும். நடுவுல செம்பனை மட்டை அடர்த்தியா, அதுவும் மழையில நனைஞ்சு நின்னுச்சுன்னா, அலையில பாதிய அது முழுங்கிரும். போன் இன்னும் பலமாக் கத்தும். ஒரு கோடு வரும், போகும், திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் அது டவரைத் தேடுது. அந்தத் தேடல்லதான் உன் பேட்டரி வடியுது. 1917-ல இங்க தென்னமரம் தோட்டத்துல ஹென்றி ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சு தொரை நாட்டுலயே மொதத் தடவையா வியாபாரத்துக்குச் செம்பனை நட்டாரு. அப்புறம் மலாயாவப் பத்தி நாவல் எழுதி பிரான்சுல பெரிய பரிசும் வாங்கினாரு. அவரைக் கொறை சொல்ல முடியாது, நூறு வருஷம் கழிச்சு உன் டிக்டாக் அந்த மட்டைக்குள்ள பூந்து வரணும்னு அவரு எப்படிக் கண்டாரு.

இதுல இன்னொரு கூத்து. 2021 கடைசியோட நாட்டுல 3ஜிய மூடிட்டாங்க. இப்ப 4ஜி, 5ஜி, அதுக்குக் கீழ பழைய 2ஜி. நம்ம பக்கம் 5ஜி எட்டிப் பாத்துட்டு ஓடிப் போகும். உன் போன் அத விடாம தொரத்திக்கிட்டே இருக்கும். செட்டிங்ல போயி 4ஜியோட நிக்கச் சொல்லு. தொரத்துறது நிக்கும். உள்ளுக்குள்ள சுத்தமாக் கோடே இல்லைன்னா விமானப் பயன்முறையில போட்டுரு. எவனும் உன்னைக் கூப்புட முடியாதேன்னு கேக்காத, கோடு இல்லாதப்ப மட்டும் கூப்புட முடியுதா?

இத உன்னைவிட நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கிறவன் நம்ம தோட்டத்துல இப்ப குலை வெட்டுற வங்காளதேசத்துப் பையன். நம்ம சனம் லயத்தை விட்டுப் போனப்புறம் அந்த வீடுகள்ல அவங்கதானே இருக்காங்க. விடியக்காலம் பெரட்டுக்கு வர்றப்பவே டேட்டாவை அணைச்சுருவான். உள்ளே போறப்ப போனையே அணைச்சுருவான். சாயங்காலம் குளிச்சுட்டு, ரோட்டோரம் கோடு நல்லாக் கெடைக்கிற எடமாப் பாத்து உக்காந்து, ஊர்ல இருக்கிற பொண்டாட்டி புள்ள மூஞ்சியப் பாத்துப் பேசுவான். அவன் போன் உன்னுதைவிடப் பழசு. ஸ்கிரீன்ல கீறல். ஆனா ராத்திரி எட்டு மணிக்கு அவன்கிட்ட 70 விழுக்காடு இருக்கு. அவனுக்கு அந்த போன் எதுக்குன்னு தெரியும். உனக்கு எதுக்குன்னு கேட்டா நீ யோசிக்கிற.

மூடநம்பிக்கை எங்க காலத்தோட போச்சுன்னு சொல்லுவீங்க. உங்ககிட்டத்தான்டா இப்ப கொட்டிக் கெடக்குது. நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டை வெரலால ஓடுற ஆப்பையெல்லாம் மேல மேல தள்ளி விடுறீங்களே, என்ன பூசை அது? பின்னால தூங்குறத எழுப்பிக் கொன்னுட்டு, மறுபடியும் மொதல்லேர்ந்து தெறந்தா அதுக்குத்தான் கூடச் செலவு. புதுப் போன் வாங்குனா மொதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்கிறதும், மாசம் ஒரு தடவை சுத்தமா எறக்கி ஏத்தணும்கிறதும் அப்பன் காலத்து நிக்கல் பேட்டரிக்குச் சொன்ன கதை. சரக்கு மாறிருச்சு, மந்திரம் மாறல. இருட்டு ஸ்கிரீன் வச்சா பேட்டரி மிஞ்சும்கிறது பாதி உண்மை. ஓஎல்இடி ஸ்கிரீன்ல கறுப்பு எடம் எரியாது, அதனால மிஞ்சும். எல்சிடியில பின்னால வெளக்கு எப்படியும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும், ஒண்ணும் மிஞ்சாது. அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துல 2021-ல அளந்து பாத்தாங்க. ஓஎல்இடி போன்லயே, வெளிச்சம் உச்சத்துல இருக்கிறப்ப 39லேர்ந்து 47 விழுக்காடு வரைக்கும் மிச்சம். வீட்டுக்குள்ள பாக்கிற மாதிரி வெளிச்சம் 30, 50 விழுக்காட்டுல இருந்தா மிச்சம் வெறும் 3லேர்ந்து 9. வெளிச்சத்தைக் கொறைச்சாலே வேலை முடிஞ்சுது, இருட்டுல உக்காந்து சாமியாராக வேணாம்.

பேட்டரியில எவ்வளவுதான் இருக்குன்னு ஒரு கணக்குப் போடு. 5,000 எம்ஏஎச்னு டப்பாவுல பெருசா அச்சடிச்சிருக்கான். வாட் மணியில சொன்னா ஏறக்குறைய 19. ஒரு 20 வாட் வெளக்கை ஒரு மணி நேரம் எரிக்கக்கூடக் கொஞ்சம் பத்தாது. அத வச்சுக்கிட்டு நீ நாள் முழுக்க வழி பாத்து, பாட்டுக் கேட்டு, படம் பாத்து, அவளோட பேசி, அவளோட சண்டை புடிச்சு, சமாதானமும் ஆகணும். ஒருத்தன் ஒழைப்புல இவ்வளவு வாங்குற தொரைய நான் பாத்தது கெடையாது. உங்கப்பன் கரண்டு பில்லு ஏறுது, சார்ஜைப் புடுங்குன்னு கத்துறானே, அதக் காதுல வாங்காத. ஒரு தடவை முழுசா நெறைக்க ஒரு காசு வாக்குலதான் ஆகும். பில்லு ஏறுறது அவன் ரூம்ல ஓடுற ஏர்கான்ல.

வேக சார்ஜரு? அது கெட்டவன் இல்ல. எழுபதுகள்ல பால் மரத்துக்கு எத்திரல்னு ஒரு மருந்து வந்துச்சு. தடவுனா பால் நிக்காம ஒழுகும். அளவாத் தடவுன எடத்துல மரமும் நல்லாருந்துச்சு, சம்பளமும் வந்துச்சு. ஆசையில அப்புன எடத்துல பட்டை காஞ்சு, மரம் பாலே குடுக்காம நின்னுருச்சு. அவசரத்துக்கு வேக சார்ஜர் போடு. ராத்திரி தூங்குறப்ப எதுக்கு வேகம்? விடியற வரைக்கும் நேரம் கெடக்குல்ல. பழைய மெதுவான சார்ஜர் ஒண்ணு மேசை டிராயர்ல கெடக்கும், அத எடுத்துப் போடு, போன் சுடாது.

80 விழுக்காட்டோட நிறுத்திக்கிற ஏற்பாடு இப்ப ஐபோன்லயும் இருக்கு, சாம்சுங்லயும் இருக்கு. நாள் முழுக்க வீட்டுல கெடக்கிற என் மாதிரி ஆளு அதப் போட்டு வச்சுக்கலாம். உனக்கு நான் அதச் சொல்ல மாட்டேன். நீ டெலிவரிக்காரன், உனக்கு நூறும் வேணும். நெறைச்சுக்க, ஆனா நெறைஞ்ச கையோட கெளம்பு. ராத்திரி பத்து மணிக்கே நெறைச்சுட்டு விடிய விடிய வயருல கட்டிப் போட்டு வைக்காத. அதே மாதிரி 5 விழுக்காட்டுல செவப்புக் காட்டுறப்ப "இன்னும் ஒரு பாட்டு"ன்னு இழுக்காத. இருபதுக்கு வந்தா சொருகு. சார்ஜ் போட்டா சுத்துக் கணக்கு ஏறிருமேன்னு பயப்படாத, பாதி பாதியா ரெண்டு தடவை போட்டாலும் ஒரு சுத்துத்தான். ஐபோன் 14 வரைக்கும் 500 சுத்துக்கு அப்புறம் 80 விழுக்காடு நிக்கும்னு சொன்னான். 15லேர்ந்து 1,000 சுத்துன்னு சொல்றான். ஒரு நாளைக்கு ரெண்டு சுத்து ஓட்டுற உனக்கு ரெண்டே வருஷத்துல அந்த ஆயிரமும் தாண்டிருது. அதனால உன் பேட்டரி கெழடானதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல. வெட்டுன வெட்டுக்குப் பட்டை தீந்துருச்சு.

ஒண்ணே ஒண்ணு கேலி இல்லாம சொல்லிர்றேன். 2021 டிசம்பர் வெள்ளம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல சனம் கூரை மேலயும் மாடியிலயும் ராத்திரியெல்லாம் கெடந்துச்சு. கரண்டு இல்ல. அந்த நேரத்துல கடைசி பத்து விழுக்காடு வச்சிருந்தவனாலதான் உதவிக்குக் கூப்புட முடிஞ்சுது. சிலாங்கூர் ஆத்தோரம் குடியிருக்கிறவன் மழைக் காலத்துல போனை ராத்திரி பாதியில விட்டுட்டுத் தூங்கக் கூடாது. தண்ணி ஏறுனா மொதல்ல வீடியோ எடுக்காத. வெளிச்சத்தைக் கொறை, டேட்டாவை அணை, எங்க இருக்கேன்னு ஒரு ஆளுக்குக் குறுஞ்செய்தி போடு, அப்புறம் அணைச்சு வச்சு மணிக்கு ஒரு தடவை தெற. பேசுறதவிட எழுதுறதுக்குச் செலவு கம்மி.

சரி, முறைக்காத, கேலிக்கே திரும்பிர்றேன். போன தீபாவளிக்கு வந்த உன் கூட்டாளிங்கள கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிட்டுப் போனியே. சம்பான்ல ஏறி, பெரெம்பாங் மரத்துல மின்மினி பாக்க. படகுக்காரரு வெளக்குப் போடாதீங்க, பிளாஷ் போடாதீங்கன்னு மலாய்ல சொன்னாரு, இங்கிலீஷ்ல சொன்னாரு, கடைசியில கும்புட்டும் சொன்னாரு. இவனுங்க ஆளுக்கு ஒரு போனைத் தூக்கிப் புடிச்சு அரை மணி நேரம் வீடியோ எடுத்தானுங்க. வந்து காட்டுனானுங்க, பாத்தேன். முழுக்கக் கறுப்பு. நடுவுல ஒருத்தன் தும்முற சத்தம். அதுக்கு 40 விழுக்காடு செலவு. திரும்பி வர்றப்ப ஜிபிஎஸ் செத்து, புக்கிட் ரோத்தான்ல வழி தெரியாம எனக்குப் போன் போட்டது யாருன்னு நான் இங்க சொல்ல வேணாம். மறுநாள் புக்கிட் மெலாவத்தியில குரங்கு ஒருத்தன் போனைப் புடுங்குச்சாம். செத்த போனை அதுவாவது வச்சு என்ன பண்ணும், தூக்கிப் போட்டுட்டுப் போயிருச்சு. அந்தக் குரங்குக்கு இருக்கிற தெளிவு வேணும்டா.

இப்ப காசு விஷயம். நோக்கியா 3310 வச்சிருந்தேனே, 2000-ல வந்தது, அது கீழ விழுந்தா மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். பொறுக்கி மாட்டுனா திரும்ப ஓடும். பேட்டரி வயசாயிட்டா கடையில ஒண்ணு வாங்கி நாமளே மாட்டிக்கிட்டோம். அப்புறம் வந்தவன் பேட்டரிய உள்ள பசை போட்டு ஒட்டிட்டான். ஒட்டுனதால என்ன ஆச்சு? பேட்டரி செத்தா போனே செத்துச்சுன்னு உன்ன மாதிரி ஆளு நம்ப ஆரம்பிச்சுட்டான். ஐரோப்பாவுல இப்ப சட்டம் போட்டுட்டாங்க, 2027 பிப்ரவரிலேர்ந்து வாங்குறவனே பேட்டரியக் கழட்டி மாட்டுற மாதிரி செய்யணும்னு, சில விதிவெலக்கோட. இங்க வர்ற வரைக்கும் நீ கடைக்குத்தான் போகணும். போ. நல்ல கடையாப் பாத்து, புது பேட்டரி மாத்து. சில நூறு வெள்ளியில முடியும். கழட்டுன பழசு வயிறு உப்பியிருந்தா ஊசியால குத்திப் பாக்காத, குப்பையோட போட்டுக் கொளுத்தாத, பத்திக்கும். மின்னியல் கழிவு வாங்குற எடத்துல குடுத்துரு.

பேட்டரி மாத்துற காசு முழுசும் நான் தர்றேன். பாதி இல்ல, முழுசு. பாத்தியா, உன் பாட்டி சொல்ற அளவுக்கு நான் கஞ்சன் இல்ல.

இல்ல தாத்தா, எனக்குப் புதுசுதான் வேணும்னு நின்னா, அது உன் சம்பாத்தியம், நான் தடுக்கல. ஆனா கடையில பழசக் குடுத்துட்டு எரநூறு வெள்ளி கழிச்சுக்கிறேன்னு சொல்லுவானே, அங்க மட்டும் தலைய ஆட்டாத. இங்க கொண்டா. நான் அதுக்குப் புது பேட்டரி போட்டு மின்னல் எஃப்எம் கேட்டுக்கிறேன். வர்றப்ப அந்த மெதுவான சார்ஜரையும் மறக்காம எடுத்துட்டு வா.